ரோடு போட்டவர் சண்டை பார்த்தவர் இல்லையா? ஒரு சாப்பரின் முப்பது வருஷப் பட்டாள வாழ்க்கை

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கு வசதியாக இருக்கும். கேட்டவரின் தாத்தா 1943-ல் பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸில், அதாவது ராணுவத்தின் இன்ஜினியர் பிரிவில், சேர்ந்து, 1972-ல் சுபேதாராகப் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தவர். இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. தகரப் பெட்டியில் கொஞ்சம் மெடல்கள், பாதி கிழிந்த டிஸ்சார்ஜ் புக், ஒரு கட்டு இன்லண்ட் லெட்டர் இருக்கின்றன. "நாலு சண்டை பார்த்த மனுஷன்" என்று ஊரில் சொல்கிறார்கள், மாமாவோ "அவர் எங்கே சண்டை போட்டார், ரோடும் பாலமும்தான் போட்டார்" என்கிறார். எது உண்மை, குடும்பத்துக்காக அவரைப் பற்றி எழுதி வைக்க வேண்டுமானால் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் மாமா சொல்லும் தகவல் சரி. அதிலிருந்து அவர் எடுக்கிற முடிவுதான் தப்பு. இன்ஜினியர் பிரிவுக்காரர்களின் வீடுகளில் இதையே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். காலாட்படைக்காரர் பேரன் "எங்க தாத்தா துப்பாக்கி எடுத்துச் சுட்டார்" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம், சாப்பர் பேரனுக்கு அந்த ஒரு வரி கிடைப்பதில்லை, அதனாலேயே முப்பது வருஷ சர்வீஸ் "ரோடு போட்டவர்" என்று சுருங்கிப் போகிறது. ஆனால் எதிரி புதைத்த கண்ணிவெடியை எடுத்து வழி விடுவது சாப்பர், ஆற்றின் குறுக்கே பாலம் கட்டுவது சாப்பர், பின்வாங்கும்போது எல்லோரும் இந்தப் பக்கம் வந்ததும் கடைசியாக நின்று அந்தப் பாலத்தை வெடி வைத்துத் தகர்ப்பதும் சாப்பர். டாங்கியும் காலாட்படையும் எந்த இடத்தில் முன்னேற முடியாமல் நிற்கிறதோ அந்த இடத்தில்தான் அவருக்கு வேலையே ஆரம்பம்.

மெடல்களிலிருந்து தொடங்கலாம். தயவுசெய்து புளி போட்டோ பாலிஷ் போட்டோ தேய்க்காதீர்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த இந்திய மெடல்களின் விளிம்பில் அவருடைய நம்பர், ரேங்க், பெயர் எல்லாம் பொடி எழுத்தில் பொறித்திருக்கும், தேய்க்கத் தேய்க்க அதுதான் முதலில் மறையும். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்து, பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒரு மெடலில் சாப்பர் (சிப்பாய்க்குச் சமமான ரேங்க்) என்றும் இன்னொன்றில் நாயக் என்றும் அடுத்ததில் ஜமேதார் என்றும் இருந்தால், பதவி உயர்வு வரிசை கையிலேயே கிடைத்துவிட்டது. இன்றைய நாயிப் சுபேதார் பதவிக்கு 1965 வரைக்கும் ஜமேதார் என்றுதான் பெயர், ஆகவே ஜமேதார் என்று எழுதிய எந்தக் காகிதமும் அதற்கு முந்தைய காலத்தைக் காட்டும். 1943 காகிதங்களில் பிரிவின் பெயர் குயின் விக்டோரியாஸ் ஓன் மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் என்று நீளமாக இருக்கும், அது வேறு ஏதோ பட்டாளம் என்று குழம்ப வேண்டாம். 1780-ல் மெட்ராஸ் பயனியர்ஸாக ஆரம்பித்து, இன்று மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்று பெங்களூரில் இருக்கும் அதே பிரிவுதான். ராணுவத்தில் அவர்களை இன்றைக்கும் "தம்பி" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் ஆறு முனை உள்ள இரண்டு நட்சத்திரங்கள் இருக்கின்றன. ஒன்று 1939-45 ஸ்டார், இன்னொன்று பர்மா ஸ்டார். பர்மா ஸ்டார் பெங்களூரில் இருந்தவருக்குக் கிடைக்காது. 1941 டிசம்பர் 11-க்கும் 1945 செப்டம்பர் 2-க்கும் இடையில் அந்தப் போர்முனையில் இருந்தவர்களுக்குத்தான் கொடுத்தார்கள். கூடவே இருக்கும் வார் மெடல் இருபத்தெட்டு நாள் சர்வீஸ் இருந்த எல்லோருக்கும் வந்தது, அதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. அவர் 1943-ல் சேர்ந்திருக்கிறார், பயிற்சிக் காலத்தைக் கழித்தால் 1944-லோ 1945-லோ பர்மா போயிருக்க வேண்டும். அதாவது ஜப்பானியரைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போன காலம்.

அந்த முனையில் சாப்பர் என்ன செய்தார் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மாமாவுக்கான பாதிப் பதில் இதில் இருக்கிறது. பர்மாவில் பெரிய எதிரி மழை, சேறு, மலேரியா. 1943-ல் காயம் பட்டு ஒருவர் பின்னால் அனுப்பப்பட்டால் நோயில் விழுந்து நூற்றிருபது பேர் அனுப்பப்பட்டார்கள் என்று பதினான்காவது ராணுவத்தின் தளபதி ஸ்லிம் பதிவு செய்திருக்கிறார். மெப்பாக்ரின் என்ற மலேரியா மாத்திரையைத் தினமும் வரிசையில் நிற்க வைத்து விழுங்க வைத்தார்கள், தோலெல்லாம் மஞ்சளாகிவிடும். அப்புறம் பாதை. ஜல்லி கிடைக்காத சேற்று மண்ணில் மழைக்காலத்துக்குள் லாரி ஓட வேண்டும் என்றால் என்ன செய்வது? சணல் சாக்குத் துணியைத் தாரில் முக்கி எடுத்து, சமன் செய்த மண்மேல் ஒன்றின் ஓரத்தில் அடுத்தது ஏறும்படி, கூரை வேய்கிற மாதிரி பரப்பினார்கள். பிதெஸ் என்று அதற்குப் பெயர். தண்ணீர் உள்ளே இறங்காத வரை அந்தத் தரை லாரியைத் தாங்கும், ஒரு கிழிசல் விழுந்து தண்ணீர் இறங்கிவிட்டால் அந்த இடம் மறுபடி சேறுதான், ஆகவே ஒட்டுப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விமான ஓடுதளங்களுக்கும் இதையே போட்டார்கள். இதே சமயத்தில், 1944 டிசம்பரில், காலேவாவில் சிந்த்வின் ஆற்றின் குறுக்கே 1,154 அடி நீளத்துக்கு மிதவைகள் மேல் ஒரு பெய்லி பாலம் (முன்பே செய்து வைத்த இரும்புத் துண்டுகளைப் பூட்டிக் கட்டுவது) கட்டினார்கள், அந்தக் காலத்தில் அந்த வகையில் உலகத்திலேயே நீளமானது. அந்தப் பாலமும் அந்தச் சாக்குத் துணி ரோடும் இல்லாமல் 1945 பிப்ரவரியில் ஐராவதியைத் தாண்டியிருக்க முடியாது, மாண்டலே விழுந்திருக்காது. உங்கள் தாத்தா இதில் எந்த இடத்தில் நின்றார் என்று மெடலை வைத்துச் சொல்ல முடியாது, அதற்குக் கம்பெனி நம்பர் வேண்டும், பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது ஜெனரல் சர்வீஸ் மெடல் 1947. அதன் ரிப்பனில் ஜம்மு அண்டு காஷ்மீர் 1947-48 என்று ஒரு பட்டை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

1948 செப்டம்பரில், காஷ்மீரிலிருந்து லடாக் போகும் வழியில் இருக்கும் ஜோஜி லா கணவாயைக் காலாட்படையை வைத்துப் பிடிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. கணவாய் 11,500 அடிக்கு மேல், இரண்டு பக்கமும் மேலே எதிரி பங்கர் போட்டு உட்கார்ந்திருக்கிறான், கீழே இருந்து ஏறுகிறவன் எல்லாம் அவன் குறியில். கணவாய்க்கு அந்தப் பக்கம் திராஸ், கார்கில், அதையும் தாண்டி லே. பனிக்காலம் வந்துவிட்டால் லே தனியாக மாட்டிக்கொள்ளும். டாங்கியைக் கொண்டுபோகலாம் என்று ஜெனரல் திம்மய்யா முடிவெடுத்தார். அந்த உயரத்துக்கு அதுவரை யாரும் டாங்கியைச் சண்டைக்கு ஏற்றியதில்லை. ஏழாவது கேவல்ரி என்ற டாங்கிப் பிரிவின் ஸ்டூவர்ட் டாங்கிகளை, யாருக்கும் தெரியாமல் இருக்கச் சுழல்கூண்டைக் கழற்றி, மூடி மறைத்து, ஸ்ரீநகர் வழியாகப் பால்தல் வரை கொண்டுவந்தார்கள். சரி, அதற்கு மேல்? பால்தலிலிருந்து மேலே இருந்தது கோவேறு கழுதைப் பாதை. அதை டாங்கி ஏறும் பாதையாக மாற்றியவர்கள் மேஜர் தங்கராஜு தலைமையில் மெட்ராஸ் சாப்பர்கள். எதிரியின் துப்பாக்கிக்கு எட்டும் தூரத்தில், மலைச்சரிவில், குளிரில் பாறையை வெடித்து, அகலப்படுத்தி, திரும்பும் இடங்களைச் சரி செய்தார்கள். 1948 நவம்பர் 1, பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது டாங்கிகள் மேலே ஏறின. பங்கரில் இருந்தவர்கள் டாங்கியை எதிர்பார்க்கவே இல்லை. அன்றைக்கே கணவாய் கைக்கு வந்தது, அந்த மாதம் முடிவதற்குள் கார்கில்.

இந்தக் கதையை எங்கே படித்தாலும் டாங்கி வரும், தளபதி வருவார். கடற்கரைச் சமவெளியிலும் காவிரிக் கரையிலும் பிறந்து பனியையே பார்க்காமல் வளர்ந்த பையன்கள் கையில் கடப்பாறையோடு அங்கே நின்றார்கள் என்பதை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு இதில் ஆறவே ஆறாத ஆதங்கம் உண்டு. உங்கள் தாத்தா ஜோஜி லாவில்தான் இருந்தார் என்று நான் சொல்லவில்லை. அதே மெடல் நௌஷேரா, பூஞ்ச் பக்கம் இருந்தவர்களுக்கும் உண்டு. 1949 ஜனவரி 1-ல் சண்டை நிறுத்தம் வருவதற்குள் காஷ்மீர் முனையில் இருந்தார் என்பது வரைதான் பட்டை சொல்கிறது. ஆனால் "ரோடு போட்டார்" என்றால் அந்த முனையில் அதற்கு என்ன அர்த்தம் என்று மாமாவிடம் சொல்ல இந்த ஒரு சம்பவம் போதும்.

கண்ணிவெடி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாப்பர் வேலையில் வெளியே தெரியாத பகுதி இது. கருவியை வைத்துத் தேடுவது ஒரு முறை, ஆனால் மரப்பெட்டியில் செய்த வெடியைக் கருவி கண்டுபிடிக்காது. அப்போது முழங்கால் போட்டோ, படுத்தபடியோ, குத்துக்கம்பியையோ துப்பாக்கிக் கத்தியையோ நேராக இறக்காமல் சாய்வாக, அங்குலம் அங்குலமாக மண்ணுக்குள் செலுத்திப் பார்க்க வேண்டும். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் அழுத்தம் விழும், சாய்த்துக் குத்தினால் பக்கவாட்டில் தட்டுப்படும். தட்டுப்பட்டதும் கையால் மண்ணை விலக்கி, அடியில் இன்னொரு வெடியோடு கம்பி கட்டியிருக்கிறதா என்று பார்த்து, செயலிழக்கச் செய்து, பின்னால் வருபவர்களுக்கு வெள்ளை நாடா விரித்துக்கொண்டே போக வேண்டும். பெரும்பாலும் இருட்டில். பெரும்பாலும் மேலே குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது. 1944 பிப்ரவரி 24-ல் இத்தாலியில் மிஞ்ஞானோ அருகே இப்படி ஒரு குழுவை வழிநடத்திப் போனவர் காஞ்சிபுரம் பக்கத்துக்காரரான சுபேதார் சுப்ரமணியன், அதே மெட்ராஸ் சாப்பர்ஸ், பதினோராவது ஃபீல்டு பார்க் கம்பெனி. கூட வந்தவர் ஒருவர் கால் பட்டு வெடி கிளம்பிவிட்டது. வெடிப்பதற்கு இருந்த சில நொடிகளில் அவர் அதன் மேல் விழுந்து உடம்பால் மூடிக்கொண்டார். மற்றவர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது கொடுத்தார்கள், அவர் இறந்த பிறகு. உங்கள் தாத்தா சேர்ந்த அடுத்த வருஷம் நடந்தது இது. பெங்களூரில் பயிற்சியில் இருந்த ஒவ்வொரு பையனுக்கும் இந்தச் செய்தி எட்டியிருக்கும். எட்டிய பிறகும் அவர் முப்பது வருஷம் இருந்தார்.

இனி, போர்களுக்கு நடுவில் இருந்த காலம். குடும்பங்கள் எழுதும் குறிப்புகளில் இதுதான் விட்டுப்போகிறது. 1949-லிருந்து 1962 வரை பதின்மூன்று வருஷம், எந்தப் பெரிய போரும் பெயர் சொல்ல இல்லை, ஆனால் சாப்பரை ஜமேதார் ஆக்கியது அந்தப் பதின்மூன்று வருஷம்தான். டிஸ்சார்ஜ் புக்கில் ட்ரேடு என்று ஒரு இடம் இருக்கும், தச்சர், கொத்தனார், கொல்லர், ஃபிட்டர், டிரைவர் என்று ஏதாவது ஒன்று எழுதியிருக்கும், சாப்பர் என்றால் சிப்பாய் வேலையோடு ஒரு கைத்தொழிலும் கட்டாயம். படிப்புச் சர்டிபிகேட் விவரம் இருக்கும். அந்தத் தலைமுறையில் நாலாவது ஐந்தாவது படித்துவிட்டுச் சேர்ந்தவர்கள்தான் அதிகம், ரோமன் எழுத்தில் ஹிந்துஸ்தானி எழுதப் படிக்கக் கற்று, தேர்வு எழுதிப் பாஸானால்தான் நாயக், ஹவில்தார் என்று மேலே போக முடியும். அவர் கொஞ்சகாலம் பெங்களூர் சென்டரில் உஸ்தாதாக, அதாவது பயிற்சி கொடுப்பவராக, இருந்தார் என்று உங்கள் பாட்டி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை ஓரக் குறிப்பாகப் போடாதீர்கள். நல்ல உஸ்தாத் கையில் பயின்றவன் கண்ணிவெடி வயலிலிருந்து இரண்டு காலோடு வெளியே வருவான்.

கேரக்டர் என்ற இடத்தில் எக்ஸெம்ப்ளரி என்று இருந்தால் அதுதான் உச்சம். வெரி குட் என்றாலும் நல்லதுதான். சிவப்பு மையில் ஏதாவது எழுதியிருந்தால், ரெட் இங்க் என்ட்ரி என்பார்கள், தண்டனைப் பதிவு. லீவு முடிந்து தாமதமாகப் போனதற்குக்கூட அது விழும். மறைக்காதீர்கள். எந்த வருஷம், எந்த மாசம் என்று பார்த்தால் அந்தச் சமயத்தில் வீட்டில் ஒரு பிரசவமோ சாவோ நடந்திருக்கும், பல வீடுகளில் அப்படித்தான் கண்டிருக்கிறேன்.

பாட்டியின் பங்கையும் இதே இடத்தில் எழுத வேண்டும். வருஷத்துக்கு இரண்டு மாத லீவு, இடையில் கொஞ்சம் கேஷுவல் லீவு, அவ்வளவுதான் கணவன். குவார்ட்டர்ஸ் எல்லோருக்கும் கிடைக்காது, ஃபீல்டு ஏரியாவுக்குக் குடும்பத்தைக் கூட்டிப் போகவும் முடியாது. மணியார்டர் வரும். அதை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்து, நிலத்தைப் பார்த்து, மாமியாரைப் பார்த்து, போர் என்று ரேடியோவில் சொன்னால் தபால்காரர் தந்தி கொண்டுவந்துவிடக் கூடாதே என்று தெருவைப் பார்த்துக்கொண்டு இருந்தவர் அவர். மணியார்டர் அடிக்கட்டைகள் பெட்டியில் இருந்தால் தேதி வாரியாக அடுக்குங்கள்.

சைன்ய சேவா மெடலில் நெஃபா என்ற பட்டை இருக்கிறது என்றீர்கள். இன்றைய அருணாசலப் பிரதேசம். அந்த மெடல் 1960-ல் வந்தது, கடினமான இடத்தில், மோசமான பருவநிலையில் மொத்தம் ஒரு வருஷமாவது இருந்தவர்களுக்கு. ஆகவே அவர் நெஃபாவில் கணிசமான காலம் இருந்தது நிச்சயம். 1962 அக்டோபர் 20-ல் சீனா தாக்கியபோது அங்கே இருந்தாரா என்பது இந்தப் பட்டையால் மட்டும் தெரியாது, அதற்கு முன்போ பின்போகூட இருக்கலாம். ஆனால் அந்த வருஷங்களில் அங்கே ஒரு சாப்பருக்கு இருந்த வேலை என்னவென்று தெரியும். அடிவாரத்திலிருந்து பொம்டிலா, சேலா, தவாங் என்று மேலே மேலே போகும் பாதை. 1960-ல் எல்லைச் சாலைகள் நிறுவனமே இதற்காகத்தான் உருவானது, இன்ஜினியர் பிரிவிலிருந்து ஆட்களை அதற்கு அனுப்பினார்கள். சேலா பதின்மூன்றாயிரம் அடிக்கு மேல். மழையில் மலை சரிந்து, நேற்றுப் போட்ட பாதை இன்று இருக்காது. 1962-ல் நாம் அங்கே பட்ட அவமானத்துக்குக் காரணங்களில் ஒன்று, சிப்பாய்க்கு அரிசியும் தோட்டாவும் கம்பளியும் கொண்டுபோகப் பாதை இல்லாதது. பருத்தி உடையிலும் கேன்வாஸ் ஷூவிலும் ஆட்கள் அந்தக் குளிரில் நின்றார்கள். ரோடு என்றால் என்னவென்று அந்த வருஷம் நாடே தெரிந்துகொண்டது.

அடுத்து 1965, இங்கே உண்மையைச் சொல்லியாக வேண்டும். உங்களிடம் ரக்ஷா மெடல் இருக்கிறது, சமர் சேவா ஸ்டார் இல்லை. ரக்ஷா மெடல் அந்தச் சமயத்தில் பட்டாளத்தில் இருந்தவர்களுக்குப் பொதுவாகக் கிடைத்தது. போர்ப் பகுதியில் இருந்தவர்களுக்குத்தான் சமர் சேவா ஸ்டார். ஆகவே தொலைந்துபோகவில்லை என்றால், 1965-ல் அவர் முனையில் இல்லை. கிழக்கே இருந்திருக்கலாம், சென்டரில் உஸ்தாதாக இருந்ததும் இந்தக் காலமாகவே இருக்கலாம். ஊரில் சொல்வதற்கு ஏற்ப இல்லாத சண்டையைச் சேர்க்க வேண்டாம். இந்த ஒன்றை நேர்மையாக விட்டுவிட்டால்தான் மற்றதெல்லாம் நம்பும்படி இருக்கும். அந்த இன்லண்ட் லெட்டர் கட்டை இதற்குத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். ஊர் பெயர் எழுதக் கூடாது என்பதால் கேர் ஆஃப் 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ என்று விலாசம் இருக்கும், ஏபிஓ என்றால் ஆர்மி போஸ்ட் ஆபீஸ். பொதுவாக 56 என்றால் வடக்கு, மேற்குப் பக்கம், 99 என்றால் கிழக்கு. முத்திரையில் ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ் நம்பரும் தேதியும் தெரிந்தால் இன்னும் நெருக்கமாகப் போகலாம், தபால்தலை சேகரிப்பவர்களில் இந்த நம்பர்களை வைத்தே எந்தப் பிரிவு எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கடிதத்தில் யூனிட் பெயரும் விலாசத்திலேயே இருக்கும். பாட்டிக்கு எழுதிய கடிதம், எல்லாவற்றையும் வெளியில் காட்ட வேண்டியதில்லை, விலாசப் பக்கம் மட்டும் போதும்.

1971 வேறு மாதிரி. சங்கிராம் மெடல் எல்லோருக்கும் வந்தது, ஆனால் பஸ்சிமி ஸ்டாரும் இருக்கிறது, அது மேற்கு முனையில் இருந்தவருக்கு. கிழக்கே பங்களாதேஷ் பக்கம் போனவர்களுக்குப் பூர்வி ஸ்டார். "தாத்தா டாக்காவுக்குப் போனார்" என்று குடும்பத்தில் ஒரு பேச்சு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், மெடல் அப்படிச் சொல்லவில்லை. மேற்கே பஞ்சாப், ஜம்மு எல்லையில் 1971 என்றால் சாப்பருக்கு ஒரே சொல், மைன், அதாவது கண்ணிவெடி. இரண்டு பக்கமும் மைல் கணக்கில் புதைத்து வைத்திருந்தார்கள். ஷகர்கட் பகுதியில் பசந்தர் ஆற்றுச் சண்டையைப் பாருங்கள். டிசம்பர் 15 இரவு காலாட்படை ஆற்றைத் தாண்டிப் போய் அக்கரையில் பிடித்து நிற்கிறது. அவர்களுக்கு உதவிக்கு டாங்கி போக வேண்டும், நடுவில் அகலமான கண்ணிவெடி வயல். சாப்பர்கள் வழி எடுக்கிறார்கள், பாதி வேலைதான் முடிந்திருக்கிறது, அதற்குள் அக்கரையிலிருந்து எதிரி டாங்கிகள் வருவதாகச் செய்தி. முழுக்க எடுக்காத வயலிலேயே பூனா ஹார்ஸ் ரெஜிமென்டின் டாங்கிகள் புகுந்து போயின. மறுநாள்தான் அந்த ரெஜிமென்டின் இளம் அதிகாரி அருண் கேத்தர்பால் அங்கே உயிரைக் கொடுத்துப் பரம் வீர் சக்கரம் பெற்றார். அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும், தெரியத்தான் வேண்டும். அந்த வயலில் வழி எடுத்த ஒன்பதாவது இன்ஜினியர் ரெஜிமென்டின் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரியும் அந்தப் போரில் இறந்து மகா வீர் சக்கரம் பெற்றார், அவர் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

அப்போது உங்கள் தாத்தாவுக்கு வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும், சுபேதார். அந்த ரேங்கில் அவர் கையால் குத்திக் குத்தித் தேடியிருக்க மாட்டார், தன் பேரன் வயதில் இல்லாவிட்டாலும் மகன் வயதில் இருக்கும் பையன்களை அந்த வயலுக்குள் அனுப்பிவிட்டு, நாடாவின் முனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார். இரண்டில் எது கடினம் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. மேற்கே டிசம்பர் 17-ல் துப்பாக்கி ஓய்ந்தது, புதைத்ததை எடுக்கும் வேலை மட்டும் அதற்கப்புறமும் சாப்பர்களுக்குத் தொடர்ந்தது, அதிலும் கை கால் போனவர்கள் உண்டு. அவர் 1972-ல் வந்தார் என்றால், கடைசி மாதங்கள் அந்த வேலையிலேயே கழிந்திருக்கலாம். ஊருக்கு வந்த பிறகு வயலில் கால் வைக்கும்போது குனிந்து பார்த்துக்கொண்டே நடப்பார், பிள்ளைகள் கேலி செய்வோம் என்று உங்கள் அம்மா சொன்னதை எழுதியிருந்தீர்கள். அதற்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

சரி, இனி செய்ய வேண்டியது. டிஸ்சார்ஜ் புக்கில் கிழிந்தது போக அவருடைய ஆர்மி நம்பர் தெளிவாக இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் பென்ஷன் உத்தரவில், பிபிஓ என்பார்களே, அதில் கட்டாயம் இருக்கும். பாட்டி குடும்பப் பென்ஷன் வாங்கியிருந்தால் வங்கிப் புத்தகத்தோடு அதன் நகல் இருக்கும். நம்பர், ரேங்க், பெயர், சேர்ந்த வருஷம், வெளியே வந்த வருஷம் எல்லாம் போட்டு, நீங்கள் அவருக்கு என்ன உறவு என்பதற்கான சான்றையும் வைத்து, பெங்களூரில் உள்ள மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்குக் கடிதம் எழுதுங்கள். உங்கள் மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, அவர்கள் மூலமாக அனுப்பினால் வடிவம் சரியாக இருக்கும், பதில் வரவும் வாய்ப்பு அதிகம். "என் தாத்தாவைப் பற்றி எல்லா விவரமும் தாருங்கள்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எந்தெந்த யூனிட், கம்பெனியில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருந்தார், பதவி உயர்வுத் தேதிகள், பெற்ற மெடல்கள் என்று மூன்றை மட்டும் கேளுங்கள். கம்பெனி நம்பர் கிடைத்துவிட்டால் பர்மாக் காலத்துக்குப் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தந்தப் பிரிவுகளின் வார் டயரிகள் இருக்கின்றன, தினமும் எந்த ஊரில் என்ன பாலம், எத்தனை பேருக்குக் காயம் என்று அன்றன்றைக்கு எழுதியது. தாத்தா பெயர் அதில் இருக்காது, அதிகாரிகள் பெயர்தான் இருக்கும், ஆனால் அவர் அன்று எங்கே நின்றார் என்பது தெரிந்துவிடும். பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸுக்கென்று அருங்காட்சியகமும் இருக்கிறது, முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு மாமாவையும் கூட்டிப் போங்கள்.

எழுதும்போது போர்களைத் தலைப்பாக வைக்காமல் வருஷ வாரியாக எழுதுங்கள், இடது பக்கம் அவர் இருந்த இடம், வலது பக்கம் அதே வருஷம் வீட்டில் நடந்தது. 1948-க்கு எதிரே பாட்டியின் கல்யாணம் இருக்கும், 1962-க்கு எதிரே யாராவது பள்ளியில் சேர்ந்திருப்பார்கள். எது மெடலில் இருந்து தெரிந்தது, எது வீட்டில் சொன்னது, எது ரெக்கார்ட்ஸ் சொன்னது என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னதாகக் குறித்துவிடுங்கள், நாளைக்கு உங்கள் பிள்ளைகள் படிக்கும்போது குழம்ப மாட்டார்கள். இப்போதைக்கு 1965-ஐக் காலியாக விட்டுவையுங்கள். 99 ஏபிஓ விலாசம் போட்ட கடிதம் ஏதாவது அந்த வருஷத் தேதியோடு கிடைத்தால் எனக்குப் படம் அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.